பெட்ரோல் பங்க்கில் மூன்று வேளை

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம். நீயும் நலம்தான் என்று இத்தனை வாரமாக நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டதும் என் மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த மெயில். நீ கார்டு தேய்க்கும்போதெல்லாம் என் போனுக்குத் தகவல் வருவது உனக்குத் தெரியும். எல்லாமே ஒரு பெட்ரோல் பங்க் பெயரில் வந்தன. உன்னிடம் சைக்கிள்கூட இல்லை. கண்ணாடிக் கடையிலிருந்து வந்த அப்பாவிடம் காட்டினால், "உம் பொண்ணு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துட்டா போல" என்றார். சித்தி, "அக்கா, காரோட எவனோ இருக்கான், பெட்ரோல் செலவு மட்டும் இவ தலையில" என்றாள். என் புத்தியும் அந்தக் காரைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் காரும் இல்லை, எவனும் இல்லை, பங்க்கை ஒட்டிய கடையில் மூன்று வேளையும் பன்!

உன் தெருவில் காய்கறிக் கடை, பேக்கரி, சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்த நாட்டு வங்கிக் கார்டை மட்டும்தான் வாங்குவார்களாம், நம் கார்டை நீட்டினால் தலையாட்டி அனுப்பிவிடுவார்களாம், அந்தப் பங்க் கடையில் மட்டும்தான் அது செல்லுமாம். நம் கடையில் அப்பா யார் எந்த நாட்டுக் கார்டை நீட்டினாலும் வாங்கிக்கொள்கிறார், வங்கி கமிஷன் பிடித்தால் முணுமுணுப்பதோடு சரி. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஏடிஎம்மில் எடுத்திருக்கலாமே என்றதற்கு, "ரெண்டு பேங்க்கும் பிடிச்சுக்கறாங்கம்மா, மனசே வரலை" என்றாயே, அதற்காக வகுப்பில் மயங்கி விழுவாயா? சிக்கனத்துக்கும் பட்டினிக்கும் வித்தியாசம் தெரியாமலா இவ்வளவு படித்தாய்? கேட்டதும் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

இதைப் படித்ததும் ஏடிஎம்முக்குப் போ. சிறுகச் சிறுக எடுக்காமல் மொத்தமாக எடு, பிடித்தம் ஒரு தடவையோடு போகட்டும். நம் ரூபாயில் கணக்குப் போடவா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்து. நமக்கு உதவுவதுபோலக் கேட்டு மாற்று விலையை ஏற்றிவிடுவார்களாம், அப்பா விசாரித்துச் சொன்னார். அங்கேயே ஒரு வங்கியில் கணக்கும் தொடங்கு, முகவரிச் சான்று வேண்டுமென்றால் வீட்டுக்காரம்மாவிடம் கூச்சப்படாமல் கேள். காசு போனால் போகிறது, நீ சூடாகச் சாப்பிடு.

ரொக்கமாகச் செலவழித்தால் எனக்குத் தகவல் எதுவும் வராது. எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிறவள் நான், உனக்குத் தெரியும். இனி நீ சாப்பிட்டேன் என்று சொன்னால் சாப்பிட்டாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதனால் பொய் மட்டும் சொல்லாதே.

உடம்பும் மனசும் தெம்பாக, பசியறியாமல் இரு. மயக்கத்துக்கு இந்த வாரமே டாக்டரைப் பார்த்துவிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா