கல்தூண்

சென்னை
12-8-1974

அன்புள்ள அப்பாவுக்கு, செல்லதுரை வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே பழைய சிறைச்சாலை ஒன்றைப் பழுதுபார்க்கிறோம். முந்தாநாள் இன்ஜினீயரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. கைதிகளைச் சங்கிலியால் பிணைத்த இரும்பு வளையம் ஒன்று சுவரில் இருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று அதைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பு பூசப் போனேன். "அதைத் தொடாதப்பா! அது போயிட்டா இங்க நடந்ததை யாரு நம்புவாங்க?" என்று கத்தினார்.

நீங்களும் இதைத்தான் சொன்னீர்கள். மிராசுதார் நிலத்தை விற்றுவிட்டுப் போனதும், சங்கத்து ஆட்கள் நாங்கள் அவர் மாட்டுக்கொட்டகையை இடித்தோமே, அன்று. உங்களைக் கட்டிவைத்து அடித்த கல்தூணைக் காட்டி, "அது மட்டும் நிக்கட்டும்டா, சாட்சி வேணும்" என்றீர்கள். நான் கேட்கவில்லை. கடப்பாரையால் நெம்பிச் சாய்த்ததும், வாய்க்காலில் துவைகல்லாகப் போட்டதும் நான்தான். என்னமோ பெரிதாக ஜெயித்துவிட்டதாக நினைப்பு.

பதிலைத் தங்கமணி அக்காவிடம் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பேசுவதை அப்படியே எழுதட்டும், திருத்த வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டு எட்டு மாதமாகிறது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. தூணில் கயிறு உரசிய தடம் இன்னும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அம்மாவிடம் இனி அதில் துவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்
செல்லதுரை