தாஞ்சியருக்கு நான்கரை மணி நேரம்

11 செப்டம்பர் 2025, வியாழன்

முதல் ஷிஃப்ட். பென்னலூரில் ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். ஒரகடம் வரை தூங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேறு கம்பெனிகளின் பஸ்கள், அவற்றிலும் என்னைப் போலக் கண்ணாடியில் தலை சாய்த்தவர்கள்.

மதியம் இரண்டரைக்கு ஷிஃப்ட் முடியும்போது தாஞ்சியரில் காலை பத்து. ஹஸ்னா தேநீர் குடிக்கும் நேரம். அவள் இங்கிருந்து போய் ஐந்து மாதம் ஆகிறது. எங்கள் கம்பெனியின் மொரோக்கோ ஆலையிலிருந்து தரப் பயிற்சிக்கு வந்தவள். தொண்ணூறு நாள் எனக்கு எதிர் மேஜை. அந்த மேஜையில் இப்போது பிரின்டர் இருக்கிறது.

இன்று அவள் அனுப்பிய குரல் செய்தி பதினொரு விநாடி. "நிலவன், இங்கே காற்று. ஜன்னல் ஆணி கழன்றுவிட்டது." அவ்வளவுதான். நான்கு முறை கேட்டேன்.

14 செப்டம்பர்

டில்லிப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு முன்மொழிவு எழுத ஆரம்பித்தேன். 'முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளில் சமகால அரசியலும் சமூகமும்: இளைஞர்களின் அதிருப்தி.' கடைசித் தேதி அக்டோபர் 20. எம்.ஏ. முடித்து நான்கு வருடம். இரண்டு முறை நிராகரிப்பு. 'கள அறிவு இல்லை' என்பது இரண்டு கடிதத்திலும் பொது.

15 செப்டம்பர்

எதை அதிகம் விரும்புகிறேன் — டில்லியையா, அவளையா? கேள்வியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

28 செப்டம்பர், ஞாயிறு

நேற்று மொரோக்கோவின் பல நகரங்களில் இளைஞர்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். மருத்துவமனை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், உலகக் கோப்பைக்கான கால்பந்து மைதானம் அப்புறம் என்கிறார்கள். பிரசவ வார்டில் பெண்கள் இறந்ததிலிருந்து கோபம்.

இன்று ஓ.டி. கேன்டீனில் டில்லிபாபுவிடம் சொன்னேன். லைனில் காண்ட்ராக்ட் ஆள், பள்ளித் தோழன்.

"மொரோக்கோன்னா துபாய் பக்கமா மச்சி?"

"ஆப்பிரிக்கா. மேலே ஸ்பெயின்."

"பெட்ரோல் கீதா?"

"அவ்வளவா இல்லை."

"பெட்ரோலும் இல்ல, ஒட்டகமும் பாத்ததில்லன்னு உன் ஆளே அன்னிக்கு சொல்லிச்சி. அப்ப இன்னாடா முஸ்லிம் நாடு அது?" சிரித்தான். "நம்ம ஊர்லயும் ஆஸ்பத்திரி கேட்டா யாரு குடுக்கறான்?"

சாம்பார் ஊற்றிய ரத்னா அக்கா, "அந்தப் பொண்ணு நல்லா கீதாமா? அதக் கேளுங்கடா மொதல்ல" என்றார். ஹஸ்னா இங்கே நோன்பு வைத்த மார்ச் மாதம், அந்திக்குத் தட்டை மூடி எடுத்து வைத்தவர். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது "பெருமாள் பாத்துப்பாரு, நீ துன்னு கண்ணு" என்று கையில் மாத்திரையையும் வைத்தார்.

30 செப்டம்பர், செவ்வாய்

ஆயுத பூஜை. நாளை விடுமுறை என்பதால் ஆலையில் இன்றே. சோதனை இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. எங்கள் தரப் பிரிவு மேலாளர் ஷாரோன் மேடம்தான் பொரி பங்கிட்டார். படம் எடுத்து ஹஸ்னாவுக்கு அனுப்பினேன்.

அவள் பதில்: "அழகு. இது அரசாங்கத்தின் உத்தரவா? தேர்தலுக்குத் தொடர்பு உண்டா?"

எரிச்சல் வந்தது. பொரி தின்பதற்கு உத்தரவு எதற்கு? நான்கு வரி விளக்கம் எழுதி அழித்துவிட்டேன். 'சும்மா, பண்டிகை' என்று அனுப்பினேன்.

3 அக்டோபர், வெள்ளி

ஹஸ்னாவின் தம்பி இல்யாஸைப் போலீசார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பத்தொன்பது வயது. முந்தாநாள், ஊர்வலத்தில். கையில் ஓர் அட்டை, அவ்வளவுதானாம்.

குரல் செய்தி நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. ஆங்கிலத்தில் தொடங்கி, நடுவில் அவள் மொழிக்குப் போய், திரும்பி வருகிறாள். பின்னால் அவள் அம்மாவின் குரல், யாரோ கதவைத் திறக்கும் சத்தம். "அல்லா பார்த்துக்கொள்வான் என்கிறாள் அம்மா." பிறகு ஒரு சிரிப்பு, சிரிப்பு இல்லை. "நிலவன், நீ ஏதாவது பேசு. என்ன வேண்டுமானாலும்."

என்ன பேசினேன்? 'தைரியமாக இரு. முழுவதும் சொல். ஆரம்பத்திலிருந்து.'

5 அக்டோபர்

ஏழு முறை கேட்டேன். எட்டாவது முறை பேனாவோடு.

இதை எழுதத்தான் வேண்டும்: அவள் அழுதுகொண்டிருந்த இடத்தில் எனக்குள் ஒன்று விழித்து உட்கார்ந்தது. கள அறிவு. வந்துவிட்டது.

சீ.

இருந்தும் எழுதினேன்.

17 அக்டோபர்

முன்மொழிவை அனுப்பிவிட்டேன். முறையியலுக்கு எங்கள் ஆலையின் 'ஐந்து ஏன்' தாளை எடுத்துக்கொண்டேன். தரப் பிரிவில் தினமும் நிரப்புவது. ஒரு பழுது வந்தால் ஏன் என்று கேள், பதிலுக்கு மறுபடி ஏன் கேள், ஐந்தாவது பதில்தான் மூலகாரணம். சமூகத்துக்கும் பொருந்தாதா?

ஏன் தெருவுக்கு வந்தான்? மருத்துவமனை இல்லை. ஏன் இல்லை? ஏன் கேட்க வழியில்லை? ஏன் பொறுத்தார்கள்? ஐந்தாவது கட்டம்: 'மதத்தில் வேரூன்றிய விதி நம்பிக்கை'. அதற்கு ஆதாரம் அவள் அம்மாவின் வாக்கியம். ஊர், தேதி, தம்பியின் வயது, அவள் வேலை பார்க்கும் ஆலை எல்லாம் சேர்த்தேன். பெயரை மட்டும் மாற்றினேன். அதுவே நாகரிகம் என்று நினைத்தேன்.

அவளைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பத்து மணித் தேநீர் நேரம் தினமும் இருந்தது.

25 அக்டோபர்

இல்யாஸ் ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கு நடக்கும். "மெலிந்திருக்கிறான், தூங்குகிறான்" என்றாள். அவள் குரலில் கடல் காற்று இருந்தது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

6 நவம்பர், வியாழன்

முதல் பட்டியலில் என் பெயர்! பேராசிரியரின் மின்னஞ்சல்: 'கள ஆதாரம் வலுவாக உள்ளது. நேர்முகத்தில் அதையே விரிவாகப் பேசுங்கள்.'

யாரிடம் முதலில் சொல்வது? அவளிடம்தான். முன்மொழிவையே அனுப்பினேன். 'உனக்கு இதில் பங்கு உண்டு' என்று வேறு எழுதினேன்.

7 நவம்பர்

அவள் அனுப்பியதை அப்படியே எழுதிவைக்கிறேன், ஆங்கிலத்திலிருந்து.

"அம்மா அதைச் சொன்னபோது வக்கீலுக்கு போன் செய்துகொண்டிருந்தாள். நீ கேட்கவில்லை. பதினான்கு வக்கீல்களுக்குச் செய்தாள். உன் ரத்னா அக்கா பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி எனக்கு மாத்திரை தந்தாளே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்? என் தம்பி கேட்டது மருத்துவமனை. உன் தாளில் இருக்கும் பையனை எனக்குத் தெரியாது. ஆனால் ஊர், தேதி, வயது, அக்கா வேலை பார்க்கும் ஆலை என்று வைத்து போலீசுக்குத் தெரிந்துவிடும். வழக்கு இன்னும் முடியவில்லை, நிலவன். நான் உன்னிடம் பேசினேன். உன் பல்கலைக்கழகத்திடம் பேசவில்லை."

8 நவம்பர்

மன்னிப்பு. நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

9 நவம்பர்

இல்லை.

12 நவம்பர், புதன்

இரண்டரை மணி என்பது இப்படி வலிக்கும் என்று தெரியாது. பஸ்ஸில் ஏறாமல் கேட் எதிரே டீக்கடையில் நின்றுவிட்டேன். டில்லிபாபுவும் நின்றான்.

"இன்னாடா, மூஞ்சி தொங்குது?"

சொன்னேன். எல்லாம். ஐந்தாவது கட்டம் வரைக்கும்.

டீயை ஊதிக்கொண்டே இருந்தான். பிறகு: "மார்ச் மாசம் கனெக்டர் பின்னு வளஞ்சி வந்துச்சே, ஞாபகம் கீதா? எம்மேல ஒரு பேப்பர் போட்ட."

"நான் போடலடா. டைப் பண்ணினேன்."

"ஆமா, டைப் பண்ண. அஞ்சாவதுல இன்னா எழுதுன? ஆபரேட்டர் கவனக்குறைவு. அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னுச்சி. பின்ன புடிக்கற ஜிக்கு தேஞ்சி போயிருக்குதுன்னு கழட்டிக் காட்டுச்சி. அதனாலதான் வேல போவாம நான் இங்க டீ குடிச்சிக்கினு கீறேன்."

டம்ளரைப் பலகையில் வைத்தேன்.

"நீ நல்லவந்தான் மச்சி. ஆனா அந்தக் கட்டம் காலியா கெடந்தா உனக்குத் தூக்கம் வராது. கிட்டக்க எவன் நிக்கறானோ அவனத் தள்ளி உட்டுடுவ. போ, டீக்குக் காசு குடு."

அவன் சிரித்தான். என்னால் முடியவில்லை. எட்டு மாதமாக என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறான். ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை.

13 நவம்பர்

முன்மொழிவை மறுபடி படித்தேன். ஒட்டுமொத்தமாக 'முஸ்லிம் நாடுகள்' என்று இருபத்தாறு இடத்தில் எழுதியிருக்கிறேன். மொரோக்கோ, துருக்கி, இந்தோனேசியா எல்லாம் ஒரே மூச்சில். அரசியல் சட்டம் வேறு, கட்சிகள் வேறு, கடன் வேறு, கடலே வேறு. எனக்குத் தெரிந்தது ஒரு பெண்ணும் அவள் வீட்டு ஜன்னலும்.

ஆயுத பூஜை அன்று அவள் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு எவ்வளவு எரிச்சல்! அவள் கேட்கவாவது செய்தாள்.

14 நவம்பர், வெள்ளி

அந்தப் பகுதியை முழுவதும் நீக்கச் சொல்லி டில்லிக்கு எழுதினேன். 'சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் பெறப்படவில்லை. பழைய பிரதிகளை அழித்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.' இரண்டு வாக்கியத்துக்கு ஒரு காலை முழுவதும் ஆயிற்று. அனுப்பும் பொத்தானில் விரல் நின்றது. நான்கு வருடம். தண்டலம் கல்லூரி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகள். இந்த நெடுஞ்சாலையிலிருந்து எப்படியாவது—

அனுப்பினேன்.

24 நவம்பர்

பேராசிரியரின் பதில்: 'பிரதிகள் அழிக்கப்பட்டன. உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பகுதி இல்லாமல் இது நூலகக் கட்டுரை. நேர்முகத்துக்கு அழைக்க இயலாது. அடுத்த ஆண்டு பார்ப்போம்.'

ஹஸ்னாவுக்கு எழுதினேன்: 'நீக்கிவிட்டேன். அங்கேயும் யாரிடமும் பிரதி இல்லை.' டில்லி வாய்ப்பு கைநழுவிப் போனதை எழுதவில்லை. எழுதினால் அதற்கும் அவள் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

3 டிசம்பர்

புயல் மழை. சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர், பஸ் வரவில்லை. பதில் இல்லை. எதிர் மேஜைக்கு மதுரைப் பக்கத்திலிருந்து காசிராஜன் என்று ஒருவர் வந்திருக்கிறார். பிரின்டரை ஜன்னல் பக்கம் நகர்த்தினோம்.

4 டிசம்பர்

மேலும் ஓர் ஐந்து ஏன் தாள். காசிராஜன், "கடைசியில என்னண்ணே போட?" என்றார். இன்னும் தெரியவில்லை, லைனில் போய்ப் பார்ப்போம் என்றேன். ஷாரோன் மேடம் முறைத்தார்.

22 டிசம்பர்

அவள் பழைய குரல் செய்திகளை அழித்தேன். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடியை முதலில். பதினொரு விநாடியை மட்டும் விட்டுவைத்தேன். அதில் ஜன்னலும் காற்றும்தான்.

9 ஜனவரி 2026, வெள்ளி

இரண்டு ஐம்பது. பஸ் கேட்டைத் தாண்டும்போது வந்தது. குரல் இல்லை, எழுத்து.

"இல்யாஸ் இன்று வகுப்புக்குப் போனான். உனக்குச் சொல்லத் தோன்றியது."

வழக்கு என்ன ஆயிற்று, மன்னித்தார்களா, அபராதமா, இனி ஊர்வலத்துக்குப் போவானா, அம்மா என்ன சொன்னாள்— எல்லாம் விரல் நுனியில் வந்து நின்றன. பென்னலூர் வரும்வரை நின்றன.

'காலையில் என்ன சாப்பிட்டுப் போனான்?' என்று கேட்டேன்.

இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது பதில் வந்தது. ரொட்டி, ஆலிவ், இரண்டு முட்டை. ஒன்றை மேஜையில் வைத்துவிட்டு ஓடிவிட்டானாம். அதை அவள் தின்றுகொண்டிருக்கிறாள்.