கொரியாவுக்குப் போகாத கடிதம்

மகள் கைப்பேசியில் கொரியத் தொடர் பார்க்கிறாள். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும், அடுப்பில் பால் இருப்பதையும் மறந்து உன் வீட்டு இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது.

எழுபதுகளின் தொடக்கம். பள்ளி இறுதி முடித்து, கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தோம். உன்னை அனுப்ப உன் அப்பா, நீ கூப்பிடுகிறபடி அப்பச்சி, அரை மனதாகத்தான் சம்மதித்திருந்தார். அப்போதுதான் கொரியாவில் இருந்த உன் பேனா சிநேகிதி எழுதினாள். ‘அலவ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது, எப்படிப் பயன்படுத்துவது? கொரிய மொழியில் படித்தால் பிடிபடவில்லையாம். நமக்கு மட்டும் பிடிபட்டதா என்ன? உன் அண்ணனின் அகராதியைப் புரட்டினோம். அனுமதிப்பது என்று போட்டிருந்தது. பழங்காலத்தில் புகழ்வது என்றும் பொருளாம்.

“அப்பச்சி என்னைப் புகழவெல்லாம் வேணாம்டி, காலேசுக்கு விட்டாப் போதும்” என்றாய்.

உதாரணம் எழுதும்போது எனக்குக் கொழுப்பு. ‘என் தந்தை என்னை வாசல் தாண்ட அனுமதிப்பதில்லை. இந்த வீடு எனக்குச் சிறை’ என்று ஆங்கிலத்தில் சொல்லி, உன்னை எழுதச் சொன்னேன்.

“வேணாம்டி, அப்பச்சி கண்ணுல பட்டா அம்புட்டுத்தான்.”

“அவுக என்னைக்கு முழுசாப் படிச்சாக? எழுது.”

தபாலுக்குப் போகும் கடிதங்களை அவர் மேலோட்டமாகத்தான் பார்ப்பார். அன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார். மலாயாவில் தொழில் பார்த்தவர், ஆங்கிலம் தெரியும். நம் இருவரையும் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

“இது உன் புத்தியா, இவ புத்தியா?”

“என் புத்திதான் அப்பச்சி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்றாய்.

நான் தரையின் பூக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் உன் விண்ணப்பத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. பயம். வேறு ஒன்றுமில்லை.

தை மாதம் உனக்குக் கல்யாணம். அந்த வீட்டை விட்டு இன்னொரு பெரிய வீட்டுக்குள் போனாய். நான் கல்லூரிக்குப் போனேன், ஆங்கில ஆசிரியையானேன். அந்தச் சொல் வரும் பாடத்தில் பிள்ளைகள் உதாரணம் கேட்டால் புத்தகத்தில் இருப்பதை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

உன் மகன் கல்யாணத்தில் “எங்க டீச்சர் வந்துட்டாக” என்று என் கையைப் பிடித்து எல்லோரிடமும் கூட்டிப் போனாய். நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் அங்கேயே அழுது தீர்த்திருப்பேன். நீ திட்டவும் இல்லை, என்னை விடவும் இல்லை.

அந்தக் கடிதத்தில் இருந்தது என் வாக்கியம். உயிரோடு இருந்த உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு ஐம்பது வருடம் போதவில்லை.