டோக்கன் மாமாவுக்கு நாலு பக்கம்

ஆண்டர்சன்பேட்டை
3.3.2024

டீனா கண்ணுக்கு,

மாமா சௌக்கியம். நீ வரைஞ்ச படக்கதைப் புஸ்தகம் வந்து சேர்ந்தது. போஸ்ட்மேன் கையிலேர்ந்து வாங்குறதுக்குள்ளே தெருவே கூடிப்போச்சு. பதினோரு பேர் படிச்சாச்சு, நாப்பது பேர்னு வெச்சுக்கோ.

‘பாதாளப் படை’ அஞ்சு பேரும் அருமை. பாறையைக் கையாலே தாங்குற பொண்ணு உங்கம்மா பியூலா ஜாடை. சண்டை முடிஞ்சப்புறம் பின்னாடி நாலு பக்கம் சிரிப்புக் கதை, ‘டோக்கன் மாமா’. அது யாருன்னு கேக்கவே வேணாம். எல்லாரும் சுரங்கத்துலேர்ந்து மேலே வந்தப்புறம் ஓடிவந்து, “நான் இல்லேன்னா இன்னா ஆயிருக்கும்”னு மார்தட்டுறான். டீக்கடை மஞ்சுநாத் சிரிச்ச சிரிப்பிலே டம்ளர் உடைஞ்சுபோச்சு. நானும் சிரிச்சேன். மீசையை மட்டும் சின்னதாப் போட்டுட்டே.

ஒரு மனத்தாங்கல். மாமாவைச் சிரிப்புக்கு மட்டும் வெச்சிட்டியே. பாறை சரிஞ்ச அன்னிக்கு உங்கப்பன் மரியகுழந்தையை சுரங்கத்துக்கு அடியிலே அறுபதாவது லெவல்லேர்ந்து தோள்லே தூக்கிவந்தவன் நான். நீ என் மடியிலே உக்காந்து கேட்ட கதைதானே. அதைப் பெரிய கதையாப் போடேன்.

அன்பு மாமா
சாமுவேல்


பெங்களூரு
11.3.2024

அன்புள்ள மாமா,

கோவிச்சுக்காதீங்க. அடுத்த இதழே அந்தக் கதைதான். பாதாளப் படையில ஆறாவது ஆள் நீங்க. போட்டோவைத் தவிர அப்பா முகம் எனக்கு ஞாபகமில்ல. நீங்க சொன்ன கதையிலதான் அவர் எனக்கு இருக்கார். அதனால ஒரு கோடுகூடத் தப்பாகக் கூடாது.

ஒரே சந்தேகம். அட்டையில அப்பாவோட பித்தளை டோக்கனை வரையறேன். இறங்குறவங்க ஆளுக்கொரு நம்பர் டோக்கனை எடுத்துட்டுப் போய், மேலே வந்ததும் பலகையில மாட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க. அன்னிக்கு அப்பா சட்டைப்பையில இருந்து எடுத்து அம்மா பெட்டியில வெச்சிருக்கிற டோக்கன்ல 2214னு இருக்கு. அவரோட வேலைப் புஸ்தகத்துல டோக்கன் நம்பர் 1876னு இருக்கு. எது சரி? அம்மாவைக் கேட்டா, “உங்க மாமாவைக் கேளு”ன்னு எழுந்து போயிட்டாங்க.

25ஆம் தேதி அச்சுக்குப் போகுது.

உங்கள்
டீனா


ஆண்டர்சன்பேட்டை
18.3.2024

டீனா கண்ணு,

நாலு காகிதம் கிழிச்சாச்சு. நாலுதான், கூட்டிச் சொல்லலை.

2214 என் டோக்கன்.

1998லே, பாறை சரிஞ்ச அன்னிக்கு கிரவுண்டுலே ஃபுட்பால் ஃபைனல். எனக்குப் பகல் ஷிஃப்ட், லீவும் பாக்கியில்லை. உங்கப்பனுக்கு ஓய்வு நாள். “மாப்ளே, என் டோக்கன்லே இறங்கிடு”ன்னேன். அப்போ எல்லாரும் செய்யிறதுதான். கீழே இறக்குற கேஜுக் கூண்டுலே ஏத்துறவன் டோக்கனைப் பார்ப்பான், மூஞ்சியைப் பார்க்கமாட்டான். “கோல் யார் போட்டான்னு வந்து சொல்லு”ன்னு சிரிச்சிக்கினே வாங்கிப் போனான்.

சங்கு ஊதினப்போ பலகையிலே 2214 காலி. என் பேரைத்தான் கூப்பிட்டாங்க. உங்கப்பன் இறங்கினது உங்கம்மாவுக்குத் தெரியாது; என் பொஞ்சாதியைக் கட்டிப் பிடிச்சு எனக்காக அழுதுக்கினு இருந்தா. நான் கிரவுண்டுலேர்ந்து நடந்து வர்றதைப் பார்த்து ஓடிவந்து, “அண்ணா, பொழச்சிட்டியா”ன்னு கன்னத்தைத் தடவினா. அவ கை என் கன்னத்திலே இருக்கும்போதே, கீழே இருக்கிறது யாருன்னு நான் சொல்லணும்.

அவ திட்டலை. டோக்கனை எடுத்துப் பெட்டியிலே வெச்சா. இருபத்தாறு வருஷம்.

நான் கீழே இறங்கவே இல்லை. மேலே கொண்டுவந்தப்புறம் ஸ்ட்ரெச்சர்லே ஒரு மூலையைப் பிடிச்சேன். ஷாஃப்ட் வாசல்லேர்ந்து வண்டிவரைக்கும், இருபது அடி. பதினஞ்சுன்னு வெச்சுக்கோ. அந்த ஒரு மூலையை வெச்சுத்தான் மீதியெல்லாம் கட்டினேன். நீ வாயைப் பொளந்து கேப்பே. வருஷா வருஷம் கொஞ்சம் கூட்டினேன்.

என்னை ஆறாவது ஆளாப் போடாதே. அந்தப் பின்பக்க நாலு பக்கத்திலேயே விட்டுடு. மீசை சின்னதாவே இருக்கட்டும்.

மாமா
சாமுவேல்


ஆண்டர்சன்பேட்டை
19.5.2024

டீனாவுக்கு,

புஸ்தகம் வந்தது. உள்ளே லெட்டர் இருக்கும்னு ஒவ்வொரு பக்கமா உதறிப் பார்த்தேன்.

அட்டையிலே 2214 பளபளன்னு இருக்கு. உங்கப்பன் சிரிப்பு அவன் சிரிப்பேதான். பாதாளப் படை அஞ்சு பேராலும் முடியாம, தொப்பியைக் கழட்டிக்கினு நிக்கிறாங்க. கடைசிப் பக்கத்திலே ஸ்ட்ரெச்சர். மூணு பேருக்கு மூஞ்சி இருக்கு. நாலாவது மூலையிலே ஒரு கை மட்டும்.

அதுக்கப்புறம் சிரிப்புக் கதை இல்லை. மஞ்சுநாத் புரட்டிப் பார்த்துட்டு, “இன்னா சாமு, டோக்கன் மாமாவைக் காணோம்?”னான். அச்சாபீசுலே பேப்பர் தீர்ந்துபோச்சு, அடுத்த தபா எட்டுப் பக்கம் தராங்கன்னு சொல்லிட்டேன்.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லு. சொல்ல வேணாம்னு தோணிச்சுன்னா விட்டுடு.

சாமுவேல்