ஐந்து மாதம் கழுவாத ரிவால்வர்

நெப்ராஸ்கா,
செப்டம்பர் 8

அன்புள்ள வெர்லீனுக்கு,

எல்டன் எழுதுவது. நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று வைத்துக்கொள். உன் அக்கா இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஜூலையிலேயே தடியில்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாளாமே, சந்தோஷம். பிறகும் நீ ஏன் ஓரிகானிலேயே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

இங்கே சோளம் பரவாயில்லை. தக்காளியை மான் தின்றது. உன் தோட்டச் செருப்பில் ஒன்றை நாய் கடித்துக் குதறிவிட்டது, மற்றதை எடுத்து உயரத்தில் வைத்திருக்கிறேன். ஒற்றைச் செருப்பை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்காதே.

எழுத வந்த விஷயம் வேறு. போன வாரம் பின்கட்டு அலமாரியைத் திறந்து உன் ரிவால்வரை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் துப்பாக்கி சுடும் போட்டியிலிருந்து வந்து நீ உறையோடு வைத்தது அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் நீ கழுவாமல் வைத்தது அந்த ஒரு தடவைதான். கரிமருந்து போட்டுச் சுட்டதை அன்றைக்கே வெந்நீரில் கழுவாவிட்டால் துரு தின்றுவிடும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று சாயந்தரம் நான் என்னுடையதை மட்டும் கழுவினேன். உன்னுடையது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவளுடையதை அவளே கழுவட்டும் என்று வீம்பு. மறுநாள் அக்காவுக்குத் துணை என்று சொல்லி நீ போய்விட்டாய். அதற்குப் பிறகும் அதே வீம்பு, ஐந்து மாதம்.

தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. உள்ளே செம்மண் பூசியது போலத் துரு. சிலிண்டர் சுற்றவே இல்லை. குழலைப் பிடித்திருக்கும் ஆப்பை மரச்சுத்தியலால் அரைமணி நேரம் தட்டித்தான் எடுத்தேன். கைப்பிடிக் கட்டைகளைக் கழற்றிவிட்டு, மிச்சத்தைப் பாத்திர சோப்பு கலந்த வெந்நீரில் போட்டேன். சமையலறைத் தொட்டியில்தான். கரிமருந்து கரையும் அந்த அழுகிய முட்டை நாற்றம் வந்தால் நீ மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்துவாயே, அதற்காகவே அங்கே கழுவினேன். உன் குரல் வருமா என்று நின்றும் பார்த்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, வெர்லீன். அப்படியே தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆறு தடவை தண்ணீர் மாற்றினேன். சிலிண்டரின் பின்னால் பொட்டுவெடிக் கேப்பு மாட்டும் முளைகளில் ஐந்து கழன்றன, ஆறாவது வரவில்லை. நம் குழுத்தலைவி ட்விலாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். திறந்து பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள். "ஏம்ப்பா எல்டன், அவசரத்துல மோட்டார் ஆயில் கீயில் ஊத்தித் தொலைச்சியா?" இல்லை என்றேன். "அந்த மட்டும் புத்தி இருக்கே. ஊத்தியிருந்தா கரியோட சேர்ந்து தாரா இறுகிப் போயிருக்கும்," என்றாள். முளையை அவள்தான் கழற்றினாள். வீட்டுக்கு வந்து மிதமான சூட்டில் ஓவனில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து தடவினேன். இப்போது சிலிண்டர் சுற்றுகிறது. ஆனால் குழலுக்குள் துரு தின்ற குழிகள் இருக்கின்றன. அவை போகாது. "சுடும்ப்பா. முன்ன மாதிரி குறி நிக்காது, ஆனா சுடும்," என்கிறாள் ட்விலா.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் போட்டி. அடுத்தவர் நீட்டாமல் அவர் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று பலகையில் எழுதி வைத்தவனே நான்தான். ஏப்ரலில் உன் ரிவால்வரின் சுத்தியலுக்குள் வெடித்த கேப்புத் துண்டு சிக்கியபோது நீ நிதானமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாய். "தள்ளு, உனக்கு வராது," என்று அத்தனை பேர் முன்னால் உன் கையிலிருந்து பிடுங்கினேன். சிரித்தவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தேன். நேற்று அதே இடத்தில், தொப்பியைக் கழற்றிவிட்டு, நான் செய்தது தப்பு என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ட்விலாதான், "எங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? கேக்க வேண்டியவ இங்க இல்லையே," என்றாள்.

அதனால்தான் அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை அங்கே கிளம்புகிறேன். வழியில் ஒரு ராத்திரி தங்கினால் வெள்ளிக்கிழமை சாயந்தரம் உன் அக்கா வீட்டு வாசலில் இருப்பேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை. சொல்ல வேண்டியதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான். கேட்டுவிட்டு நீ போகச் சொன்னால் போய்விடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் சீக்கிரம் வந்துவிடும். நான் வருவதில் உனக்கு இஷ்டமில்லை என்றால் புதன்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

சொல்லாதே, வெர்லீன்.

உன்
எல்டன்