ரமீஜா தேர்ந்தெடுத்த ஜோடி

12 பிப்ரவரி 2008, செவ்வாய்

நெல்லித்தோப்பில் ஒரு நிச்சயதார்த்தம். ரெண்டு பாக்ஸ், ஒரு மைக், அவ்வளவுதான். பெண்ணின் தாய்மாமன் வந்து சத்தம் காதைக் குத்துகிறது என்றார். கன்னியப்பனைப் பார்த்தேன். அவன் உதட்டைப் பிதுக்கினான். என்னிடம் பத்து வருஷமாக ஒயர் இழுக்கிறவன், அவன் காதும் என் காதைப் போலத்தான். மைக் செட் தொழிலில் இருபத்திரண்டு வருஷம் குழாய் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றதில் மேல் சத்தம் எனக்கு எப்போதோ போய்விட்டது. வேலை கொடுக்கிறவர் யாருக்கும் இது தெரியாது. ரமீஜாவுக்கு மட்டும் தெரியும்.

கல்யாணமான புதிதிலிருந்து அவள்தான் என் காது. பந்தலிலிருந்து நாற்பது அடி தள்ளி, கூட்டத்தோடு கூட்டமாக நிற்பாள். உள்ளங்கை மேலே பார்த்தால் ஏற்று. கீழே பார்த்தால் இறக்கு. காது மடலைக் கிள்ளினால் கீச்சென்று இருக்கிறது, ட்ரெபிளைக் குறை. அம்மன் கோயிலோ சர்ச் திருவிழாவோ தர்கா கந்தூரியோ, பதினெட்டு வருஷம் அவள் கையைப் பார்த்துத்தான் குமிழைத் திருப்பினேன். ஷஹாபுதீன் சவுண்டு என்றால் தனி என்று ஊரில் பேர். பேர் எனக்கு, காது அவளுக்கு.

டிசம்பரில் வயிற்றில் கட்டி என்றார்கள். அதிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை.

18 பிப்ரவரி, திங்கள்

மூன்றாவது ஊசி. காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை சொட்டு சொட்டாக இறங்குகிறது. வார்டில் டிவி ஓயாமல் அழுகிறது. சீரியலில் யாரோ யாரையோ சபிக்கிறார்கள். ரமீஜா கண்ணை மூடிக்கொண்டு, “எனக்கு என் பாட்டு வேணுங்க” என்றாள். என் பெரிய ஹெட்ஃபோனைக் கொண்டுவரட்டுமா என்றேன். முடி கொட்டிய தலையில் எது பட்டாலும் வலிக்கிறதாம். தலையணைகூட.

டாக்டர் புருஷோத்தமன் வந்தார். இந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது, கட்டி பாதியாகிவிட்டது என்றார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். கால் மரத்துப் போகிறதா, காதில் இரைச்சல் இருக்கிறதா, இருந்தால் உடனே சொல்லணும், மருந்தை மாற்றணும். ரமீஜா இல்லை என்று தலையாட்டினாள்.

பக்கத்துக் கட்டிலில் இன்று வேறு யாரோ. பாகூர் செல்வாம்பாள் அக்கா எங்கே என்று நர்ஸைக் கேட்டேன். போன வாரம் இறந்துவிட்டார். ஜனவரியில்தான் அவருக்கு மருந்தை மாற்றினார்கள். ரமீஜா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

19 பிப்ரவரி

அஸாருதீனுக்கு போன் போட்டேன். ரமீஜாவின் தம்பி, பாரீஸில் வேலை. இந்த வாரம் லீவில் வருகிறான். காதுக்குள்ளேயே செருகுகிற இயர்போன் வேண்டும், இருப்பதிலேயே உசத்தி, அவள் கேட்காத பாட்டு கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒத்துவரணும் என்றேன். சிரித்தான். “மூணு ஜோடி எடுத்தாறேன் மச்சான். அக்கா கேட்டுப் பாத்து ஒண்ண எடுத்துக்கட்டும். மீதிய கடையில திருப்பி எடுத்துக்குவான்.”

அக்காவே கேட்டுப் பார்க்கட்டும். அதுதான் சரி.

21 பிப்ரவரி

மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரையில் எட்டுக் குழாய் கட்டினோம். விளக்குக் கம்பத்தடியில் ரமீஜா நிற்கிற இடத்தில் இந்த வருஷம் பலூன்காரன். பழக்கத்தில் நாலு தரம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டேன்.

24 பிப்ரவரி, ஞாயிறு

மூன்று டப்பா. கறுப்பு, வெள்ளை, வெள்ளி நிறம். நகைப்பெட்டி மாதிரி உள்ளே பஞ்சு. காதுத் துளைக்குத் தகுந்தபடி மாட்ட ரப்பர் மூடி மட்டும் ஆறு அளவு. விலையை அஸாருதீன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் நான் மாட்டினேன். கறுப்பில் அடிச்சத்தம் அதிகம், தவில் நெஞ்சில் விழுகிறது. வெள்ளைக்கும் வெள்ளிக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். சமையலறையில் பருப்பு தீய்ந்த வாடை வந்தது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று ரமீஜா கவனிக்கவில்லையாம். மருந்து அசதி. நாங்கள் மூன்று பேரும் தீய்ந்த சாம்பாரையே ஊற்றிக்கொண்டோம். மகள் மரீஹா மட்டும் முணுமுணுத்தாள். பத்தாவது பரிட்சை நெருங்குகிறது, எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பு.

28 பிப்ரவரி

ரமீஜா உட்கார்ந்து கேட்கிறாள். பரிட்சை பேப்பர் திருத்துகிற டீச்சர் முகம் வந்துவிட்டது அவளுக்கு. நாதஸ்வரம், டப்ஸ் அடித்துப் பாடுகிற இஸ்லாமியப் பாட்டு, சர்ச் ஆர்கன், பழைய சினிமா டூயட், அஸாருதீன் கொண்டுவந்த பிரெஞ்சு அக்கார்டியன். ஒவ்வொன்றையும் மூன்று ஜோடியிலும்.

கறுப்பு வேண்டாம் என்றாள். பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறதாம். நான் நினைத்ததே. சந்தோஷமாக இருந்தது எனக்கு. இந்த நாலு நாளாக வீட்டில் யாரும் ஆஸ்பத்திரி பேச்சு பேசவில்லை.

4 மார்ச், செவ்வாய்

வெள்ளி நிறத்தை எடுத்துக்கொண்டாள். “இதுலதான் ஜால்ரா கேக்குது” என்றாள்.

அஸாருதீனுக்கு ஆச்சரியம். எல்லா ரகப் பாட்டுக்கும் வெள்ளைதான் என்று கடைக்காரன் அடித்துச் சொன்னானாம். வெள்ளியை யாரும் எடுப்பதில்லை, மூன்றாவதாக ஒன்று இருக்கட்டும் என்று தூக்கி வந்தானாம். பாரீஸ் கடைக்காரனுக்கு என்ன தெரியும், உன் அக்கா காது அப்படி என்று நான் பீற்றிக்கொண்டேன். அவள் லேசாகச் சிரித்தாள்.

6 மார்ச்

அஸாருதீன் கிளம்பிவிட்டான். கறுப்பும் வெள்ளையும் அவனோடு போயின.

9 மார்ச், ஞாயிறு

எப்படி எழுதுவது.

ரமீஜா மதியம் தூங்கும்போது மரீஹா அந்த வெள்ளியை எடுத்துக் காதில் மாட்டினாள். உடனே பிடுங்கினாள். “ஊசி வச்சு குத்தற மாதிரி இருக்குது அத்தா. அம்மா இத எப்படி கேக்கறாங்க?” சவுண்டைக் குறைத்து மறுபடி மாட்டச் சொன்னேன். குறைத்தாலும் அப்படியேதான், ஸ் ஸ் என்று ஒவ்வொரு எழுத்தும் கீறுகிறது என்றாள்.

கீச்சென்று ஒரு இழை கூடினால் நாற்பது அடியில் நின்று காது மடலைக் கிள்ளுகிறவள் ரமீஜா. அவள் போய், மூன்றில் கீச்சானதை எடுத்தாளா?

குக்கர் விசில். செல்போன் அடித்தால் எடுப்பதில்லை. மரீஹா மெதுவாகப் பேசினால் “என்ன, என்ன” என்று அவள் வாயையே பார்க்கிறாள். எல்லாம் கண் முன்னால்தான் நடந்தது. அசதி, அசதி என்று நானே பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். என் காதுக்குத்தான் கேட்காது, கண்ணுமா அவிந்துபோனது?

எழுந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்து, எப்போதிருந்து என்று கேட்டேன். ரெண்டாவது ஊசியிலிருந்து என்றாள். ராப்பகலாகக் காதுக்குள் விசிலாம். மேல் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகப் போகிறதாம். வெள்ளியில் மட்டும்தான் பாட்டு பழைய பாட்டாகக் கொஞ்சம் கேட்டதாம்.

நாளைக்கே டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிடாதீங்க. மருந்த மாத்திடுவாங்க. செல்வாம்பா அக்காவுக்கு மாத்துனாங்க, என்ன ஆச்சு? எனக்கு காதா பெருசு? மரீஹா ஒரு நெலைக்கு வர வரைக்கும் நான் இருக்கணும்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? யா அல்லாஹ், யாராவது சொல்லுங்களேன். கோபம் கோபமாக வந்தது. அவள் மேலா, என் மேலா, தெரியவில்லை. பத்து நாள் இயர்போனைப் பொறுக்கி விளையாடியிருக்கிறேன்.

10 மார்ச், திங்கள்

நாலாவது ஊசி. டாக்டர் ஃபைலைப் பார்த்தபடியே கேட்டார், “காது எப்படி இருக்கு?” அவர் குனிந்து கேட்டதால் ரமீஜாவுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்ல சார்” என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால்.

31 மார்ச்

ஐந்தாவது. இயர்போனை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். வெளியே கசிகிற சத்தம் நாலு கட்டில் தள்ளிக் கேட்கிறது, குறைக்கச் சொல்லுங்கள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். நான் குறைக்கவில்லை. டாக்டர் கேட்டதற்கு அதே பதில்.

21 ஏப்ரல்

ஆறாவது, கடைசி. பிளேயரில் பாட்டரி தீர்ந்து எத்தனை நேரமோ. அவள் கழற்றவே இல்லை.

9 மே

இப்போது பெரும்பாலும் எழுதிக் காட்டித்தான் பேசுகிறோம். மரீஹா வேகமாக எழுதுகிறாள். எனக்குக் கை வரவில்லை. ரெண்டு வரிக்கு மேல் எழுதினால் அவள் பொறுமையாகக் காத்திருக்கிறாள், அது இன்னும் கஷ்டம். பாதியிலேயே “சரி சரி, புரிஞ்சுது” என்கிறாள். அவள் குரல் முன்னைவிட உரக்க இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. நான் கையைக் கீழே காட்டி இறக்கச் சொல்லலாம். சொல்ல மாட்டேன்.

16 ஜூன், திங்கள்

ஸ்கேன் ரிசல்ட். கட்டி இல்லை. சுத்தமாக இல்லை.

டாக்டர் நேராக ரமீஜாவிடம்தான் சொன்னார். அவள் மரியாதைக்குச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவர் பேச்சை நிறுத்தினார். எழுந்து அவள் பின்னால் போய்க் கையைத் தட்டினார். அவள் அசையவில்லை. உடனே காது டெஸ்டுக்கு அனுப்பினார். வந்த தாளில் கோடு ஆரம்பத்திலிருந்தே சரிந்து கீழே போய்க் கிடந்தது.

எப்போதிருந்து என்று கேட்டார். மார்ச்சிலேயே தெரியும் என்றேன். செல்வாம்பாள் அக்காவைச் சொன்னேன். மாற்றினால் பிழைக்க மாட்டாள் என்று பயந்தோம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

“அவங்க நோய் வேறங்க. இவங்களுக்கு அன்னைக்கே மாத்தியிருக்கலாம். மாத்துன மருந்தும் கட்டிய இதே மாதிரி கரைச்சிருக்கும், காதும் தப்பிச்சிருக்கும். ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

ஏன் கேட்கவில்லை? ஒரு வார்த்தை. அவர் எங்களை மூன்று தரம் கேட்டார், நாங்கள் அவரை ஒரு தரம் கேட்கவில்லை. ரமீஜா பயந்தாள், சரி. எனக்கு என்ன வந்தது?

இவ்வளவும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும்போது நடந்தது. ஒரு சொல் அவளுக்குப் போகவில்லை.

வெளியே வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்: கட்டி போய்விட்டது. காது இந்த மருந்தால் போனது, வேறு வழி இல்லையாம்.

இரண்டு முறை படித்தாள். நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். “பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை என் கையை விடவில்லை.

2 ஜூலை

வெள்ளி ஜோடியை என்னிடம் கொடுத்து நீங்க கேளுங்க என்றாள். மாட்டிக்கொண்டேன். எனக்கும் பாதிதான் கேட்கிறது. அவள் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். முழுப் பாட்டும் கேட்கிறவன் போலத் தலையாட்டினேன். எனக்கு இது கை வந்த கலையாகிவிட்டது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

வைத்திக்குப்பம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ரமீஜா நானும் வரேன் என்றாள். முடி ஒரு விரல் அளவு வளர்ந்திருக்கிறது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் போய் விளக்குக் கம்பத்தடியில் நின்றாள். எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. கன்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாட்டைப் போட்டேன். பழக்கம், அவள் கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கூழுக்கு நிற்கிற வரிசையை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். பிறகு கையைத் தூக்கிக் காது மடலைக் கிள்ளினாள். ட்ரெபிளைக் குறைத்தேன். இன்னும் கிள்ளினாள். இன்னும் குறைத்தேன். உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள்.

விழாக்குழு சின்னக்கண்ணு வந்து, இன்னைக்குத்தான் பாய் பழைய சவுண்டு என்றார். எப்படி என்று அவளிடம் எழுதிக் கேட்டேன். “வரிசையில ஒரு கைக்கொழந்த மூஞ்சிய சுளிச்சுக்கினே இருந்துச்சு. அது சிரிச்சதும் நிறுத்துனேன்.”

வீட்டுக்கு வந்து வெகுநேரம் இந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் வீட்டில் எழுதிய தாள் எது கிடந்தாலும் எடுத்துப் படிக்கிறாள். மளிகைச் சீட்டு, மரீஹாவின் நோட்டு, எது கிடைத்தாலும். பேச்சு என்பது அவளுக்கு இப்போது தாளில்தான் இருக்கிறது. இதை எங்கே ஒளிப்பது என்று ஒரு மாதமாக இடம் தேடுகிறேன். ஆம்ப்ளிஃபயர் பெட்டி, பரண், கன்னியப்பன் வீடு. ஜூன் 16-ஐ மட்டும் கிழித்துவிடலாம் என்று இன்று பக்கத்தைப் பிடித்தும் பார்த்தேன்.

டாக்டரிடம் அவளுக்காக நான் பதில் சொன்னேன். அவளிடம் டாக்டருக்காக நான் பதில் சொன்னேன். போதும்.

மரீஹாவின் புத்தகங்களுக்கு மேல், ரமீஜாவின் கை எட்டுகிற தட்டில் வைக்கிறேன். காலையில் தூசு தட்டும்போது எடுப்பாள்.