தெர்பாலிக் பேப்பர்

டத்தோ கிராமாட், பினாங்கு
12.8.1984

அன்புள்ள நவமணி அக்காவுக்கு,

மிகுந்த மனவேதனையுடன் அறிவிப்பது என்னவென்றால், நீ விட்டுச்சென்ற பச்சைச் சீப்பு சென்ற செவ்வாய்க்கிழமை என் தலையில் காலமானது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளக்கூட அதற்குப் பல் மிச்சமில்லை.

அப்பாவுக்கு நம்மைத் தெரிகிறதா, மறைக்காமல் எழுது என்று கேட்டிருந்தாய். வாதம் வந்த நாளிலிருந்து பேச்சு இல்லை. வலது கை மடியிலேயே கிடக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சுவரைப் பார்க்கிறார். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த ஹனீபா மாமா வந்து வெகுநேரம் பேசிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எதுவும் சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டர். அம்மா கஞ்சி ஊட்டுவதோடு சரி, யாரோடும் பேசுவதில்லை.

கவலைப்படாதே. வைத்தியத்தை நானே எடுத்துக்கொண்டேன். அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம் ஞாபகம் இருக்கிறதா? கதாநாயகன் பேப்பர் படிப்பதுபோல் கதாநாயகியைப் பார்ப்பான். பேப்பர் தலைகீழாக இருக்கும். அவள் வாயே திறக்காமல், இரண்டு விரலால் அதை நேராக்கிவிட்டுப் போவாள். அவனுக்கு ஒற்றைப் புருவம் மட்டும் ஏறும். அப்பா அதை நடித்துக் காட்டும்போதெல்லாம் அம்மா, "தெர்பாலிக்லா! தலைகீழா இருக்கு, ஒழுங்கா புடிங்க, பிள்ளைங்க சிரிக்குது" என்று திட்டுவாரே, அதுதான்.

அதைத்தான் தினமும் சாயங்காலம் அப்பா முன்னால் நடித்தேன். நாயகனும் நானே, நாயகியும் நானே. நேற்று அப்பாவின் புருவம் ஏறிவிட்டது! பினாங்கிலேயே இப்படி ஒரு டாக்டர் உண்டா, சொல்?

எழுதிவிட்டேன். ஆனால் இப்படியே கவரை ஒட்ட மனம் வரவில்லை, அக்கா. என் நடிப்புக்கு அப்பா கண்ணைக்கூட அசைக்கவில்லை. நேற்று அலுத்துப்போய் பேப்பரை அவர் மடியில் போட்டுவிட்டு எழுந்தேன். அவர் இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்தார். தலைகீழாக. எழுத்தும் போய்விட்டதா என்று பயந்துபோனேன். கஞ்சியோடு வந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை நேராக்கிவிட்டுக் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினார்.

அப்பா மெதுவாக, ரொம்ப மெதுவாக, அதை மறுபடியும் தலைகீழாகத் திருப்பினார். விளங்காத பக்கம் அப்படியே இருக்க, இடது புருவம் மட்டும் ஏறியது.

"தெர்பாலிக்லா" என்றார் அம்மா. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்க நான் அங்கே இல்லை.

நீ தீபாவளி வரை காத்திருக்காதே, வந்துவிடு. வந்து அப்பாவிடம் ஒன்றும் கேட்காதே. பேப்பரை மட்டும் நேராக்கி வை.

இப்படிக்கு,
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்த டாக்டர்,
உன் தம்பி சந்திரசேகரன்